புதுசா, பழசா: க்ரூசர் தேடும் நாட்குறிப்பு

மார்ச் 2

வாங்கப்போவது க்ரூசர்தான், அதாவது தாழ்ந்த சீட்டில் நிதானமாக உட்கார்ந்து ஓட்டும் மோட்டார் சைக்கிள் என்பது முடிவாகிவிட்டது. அதற்கு மேல் எதுவும் முடிவாகவில்லை.

கையில் இருக்கும் தொகைக்கு ஷோரூமிலிருந்து புத்தம்புது நடுத்தர வண்டி ஒன்று எடுக்கலாம். ஹோண்டா ரெபெல் 500, கவாசாகி வல்கன் எஸ், ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650, அந்த வரிசை. அதே தொகைக்கு யாரோ ஓட்டி முடித்த ஹார்லி டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டரும் வரும். இன்னொரு வழியும் உண்டு. அதே நடுத்தர வண்டியைப் பழசாக வாங்கி, மிச்சத்தை டயருக்கும் ஹெல்மெட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மற்றபடி ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. "பழசு வாங்கினா அடுத்தவன் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குறே" என்கிறார் ஒருவர். "புதுசை வாசல் தாண்டி எடுத்த அன்னைக்கே மதிப்பு விழுந்துடும்" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

மார்ச் 5

இன்று முழுக்க உட்கார்ந்து பார்ப்பதிலேயே போனது.

ரெபெல் 500இன் சீட் உயரம் 690 மி.மீ., வல்கன் எஸ் 705, சூப்பர் மீட்டியோர் 740. மூன்றிலும் கால் தரையில் நன்றாகவே ஊன்றுகிறது. ஆகவே சீட் உயரத்தை வைத்து எதையும் கழிக்க முடியாது. எடை வேறு கதை. ரெபெல் 190 கிலோ சொச்சம், சூப்பர் மீட்டியோர் 241. ஓடும்போது தெரியாத அந்த ஐம்பது கிலோ, சாய்வான இடத்தில் பின்னோக்கித் தள்ளும்போது தெரியும். க்ரூசரில் ரிவர்ஸ் என்பது நம் தொடைதான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது கால் வைக்கும் ஃபுட்பெக். கால் முன்னால் நீண்டு போகும் வண்டியில் பள்ளம் வந்தால் எழுந்து நிற்க முடியாது, அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். அதோடு பின் சஸ்பென்ஷனும் குட்டையாக இருந்தால் சொல்லவே வேண்டாம். சூப்பர் மீட்டியோரில் பின் சக்கரம் 101 மி.மீ. ஏறி இறங்கும், வல்கன் எஸ்ஸில் 80. தாழ்வாக இறக்கிய ஸ்போர்ட்ஸ்டர் மாடல்களில் இதைவிட ரொம்பக் குறைவு. பார்க்க அழகு அதில்தான் இருக்கிறது, அதுதான் சங்கடம். அவற்றில் ஃபார்ட்டி எய்ட் மாடலை நிமிடக்கணக்கில் நின்று பார்த்தேன். 1202 சிசி இன்ஜின், 7.9 லிட்டர் டேங்க். அதை வடிவமைத்தவர் பெட்ரோல் பங்கைக் காதலித்திருக்க வேண்டும்.

வல்கன் எஸ்ஸில் ஃபுட்பெக்கை முன்னும் பின்னும் 25 மி.மீ. நகர்த்தி மாட்டிக்கொள்ளலாம். நடுவில் வைத்ததிலேயே முழங்கால் சரியாக மடங்கியது. குறித்துக்கொண்டேன்.

மார்ச் 8

புதுசின் பக்கம் நியாயமாக யோசித்துப் பார்த்தேன்.

வாரண்டி உண்டு. திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கும், பழைய க்ரூசர்கள் பலவற்றில் இருக்காது. கனமான வண்டி, ஈரச் சாலை, திடீரென்று யாராவது குறுக்கே வந்தால் என்று யோசிக்கும்போது இதை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. பழசு வாங்கினாலும் ஏபிஎஸ் உள்ள வருடத்தில்தான் தேட வேண்டும். அப்புறம், முதல் ஆயிரம் கிலோமீட்டரை நானே ஓட்டுவேன். ஒரே வேகத்தில் முறுக்கிப் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டி, பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒழுங்காகப் படிந்ததா என்பது எனக்குத் தெரிந்திருக்கும். பழசில் அது யாரோ ஒருவருடைய பொறுமையைப் பொறுத்தது.

எதிர்ப்பக்கம்: ஷோரூமில் எழுதிப் போட்டிருக்கும் விலை நான் கொடுக்கப்போகும் விலை இல்லை. பதிவு, காப்பீடு, அங்கேயே தலையில் கட்டும் துணைப்பொருட்கள் எல்லாம் அதன் மேல் ஏறும். மறுவிற்பனையில் இவற்றுக்கு யாரும் காசு தர மாட்டார்கள். மதிப்பு வேகமாகச் சரிவதும் முதல் ஒன்றிரண்டு வருடத்தில்தான்.

மார்ச் 14

முதல் பழைய வண்டியைப் பார்த்தேன். ஸ்போர்ட்ஸ்டர் 883. ஒன்பது வருடம் ஆன வண்டி, ஓடோமீட்டரில் சில ஆயிரம் கிலோமீட்டர்தான். குரோம் கண்ணைப் பறித்தது. உடன் வந்த மெக்கானிக் அண்ணன் குரோம் பக்கம் திரும்பவே இல்லை. நேராக இன்ஜினில் புறங்கையை வைத்தார். சூடு. "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?" என்றார். சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாராம். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் நாங்கள் பார்க்க வந்தோம்.

அடுத்து டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். இதில் 0916. 2016ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம், அதாவது வண்டியோடு வந்த டயர். பட்டன் தேயவேயில்லை, ஆனால் நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். பிரேக் ஆயில் கறுத்திருந்தது. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே துரு. சைலன்சர் வெளியாள் தயாரிப்பு. இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷனை அதற்கேற்ப டியூன் செய்ததற்கு எந்த ரசீதும் இல்லை, ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடித்தது. விற்பவர் அதை ஒரு சிறப்பம்சமாகச் சொன்னார்.

விலையில் இறங்கி வருவதாகவும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டோம்.

மார்ச் 15

நேற்றைய வண்டி மனதை விட்டுப் போகவில்லை. யாரும் அதைக் கெடுக்கவில்லை. கீழே போடவில்லை, முறுக்கவில்லை, மழையில் விடவில்லை. நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறார்கள்.

க்ரூசர் விஷயத்தில் இதுதான் ஆபத்து என்று இப்போது தோன்றுகிறது. தினசரி ஓட்டும் வண்டியை எவ்வளவு ஓடியது என்று பார்த்து எடை போடலாம். க்ரூசர் பெரும்பாலும் விடுமுறை நாள் வண்டி. அதுவும் முதல் வருட ஆசை தீர்ந்ததும் துணி போர்த்தி மூடப்படும். அப்போது உள்ளே என்ன நடக்கிறது? பெட்ரோலின் இலகுவான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசின் மாதிரி ஆகிறது. இன்ஜெக்ஷனுக்குப் பதில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் அதன் ஜெட் என்னும் நுண்ணிய துளைகள் அடைபடும். அரை டேங்கில் நிறுத்தினால் மேல் பாதியில் காற்றின் ஈரம் படிந்து துரு பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ஈரத்தை இன்னும் இழுக்கும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும் பொருள்தான். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பேட்டரி தானாகவே சார்ஜ் இறங்கி, தகடுகளில் சல்பேட் கட்டி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீல் காய்ந்து, வண்டி மறுபடி ஓடத் தொடங்கியதும் கசியும். இன்ஜின் ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஏர் பில்ட்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன் என்கிறார் அண்ணன்.

ஆக "கம்மியா ஓடின வண்டி" என்று விளம்பரத்தில் பார்த்தால் இனி எனக்கு மகிழ்ச்சி வராது. கடைசி ஒரு வருடத்தில் எவ்வளவு ஓடியது? ஒவ்வொரு சர்வீஸ் ரசீதிலும் தேதியும் கிலோமீட்டரும் சீராக ஏறி வருகிறதா? இந்த இரண்டும்தான் கேள்வி.

மார்ச் 19

மாடல் வருடங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். பழைய வண்டியில் பெயரைவிட வருடம் முக்கியம் என்பதற்கு ஹார்லியே நல்ல உதாரணம். 2004இல்தான் ஸ்போர்ட்ஸ்டர் இன்ஜினை ரப்பர் தாங்கிகள் மேல் பொருத்தினார்கள். அதற்கு முந்தையது நேராக சட்டகத்தில் பிணைத்தது, அதிர்வு முழுக்கக் கைக்கு வரும். 2007இல் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. பெரிய இன்ஜின்களில் 1999 முதல் வந்த ட்வின் கேம் 88 பலவற்றில் வால்வுகளைத் திறந்து மூடும் கேமைச் சுழற்றும் செயினை இறுக்கிப் பிடிக்கும் பட்டை தேய்ந்து, துகள்கள் ஆயிலோடு கலந்து, கவனிக்காமல் விட்டால் இன்ஜினையே கேட்கும். பின்னால் வந்த ட்வின் கேம் 96இல் ஆயில் அழுத்தத்தால் இறுக்கும் ஹைட்ராலிக் முறைக்கு மாற்றினார்கள். பழைய ட்வின் கேம் 88 வாங்குபவர் "பட்டையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்" என்று கேட்காமல் காசைக் கையில் எடுக்கக் கூடாது.

வல்கன் எஸ் இதற்கு நேர் எதிர். 2015 மாடலாக வந்ததிலிருந்து அதே 649 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின், நின்ஜா 650 வழி வந்தது. புதுசுக்கும் நான்கு வருடப் பழசுக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. மாறாத மாடலைப் பழசாக வாங்குவதில் இழப்பு குறைவு.

மார்ச் 23

இரண்டாவது வண்டி. நான்கு வருட வல்கன் எஸ், ஏபிஎஸ் உண்டு. ஓடியது ஸ்போர்ட்ஸ்டரைவிடப் பல மடங்கு அதிகம். வேலைக்கே இதில்தான் போய் வந்திருக்கிறார்.

இன்ஜின் குளிர்ந்திருந்தது. ஒரே அழுத்தலில் கிளம்பி, சற்று நேரத்தில் இன்ஜின் வேகம் சீராக இறங்கியது. புகை இல்லை. பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது 12.7 வோல்ட், இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றியபோது 14.2. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினால் நடுவில் எங்கும் சிக்கவில்லை. ஃபோர்க் குழாயில் ஆயில் வளையம் இல்லை. செயினில் மட்டும் ஓரிடம் இறுக்கம், ஓரிடம் தொய்வு. செயின் ஓடும் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒருபக்கம் சாய ஆரம்பித்திருந்தன. பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்தது.

வலப்பக்கம் பிரேக் லீவர் புதிது, சைலன்சரில் கோடு. நாங்கள் கேட்பதற்கு முன்பே, நிறுத்தும்போது ஸ்டாண்ட் சரியாக இறங்காமல் வலப்பக்கம் சாய்ந்தது என்றார். ஸ்டாண்ட் இருப்பது இடப்பக்கம், பிறகு எப்படி வலப்பக்கம் என்று கேட்டார் அண்ணன். சிரித்துவிட்டு, மணலில் வழுக்கி விழுந்ததாக ஒப்புக்கொண்டார். ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, ஹேண்டில் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் ஸ்டீயரிங் ஸ்டாப்பரில் அடி இருக்கிறதா, சட்டகத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று இரண்டாம் முறையும் பார்த்தோம். எதுவும் இல்லை. ஓட்டிப் பார்த்தேன். கையை லேசாகத் தளர்த்தியபோதும் நேராகப் போனது.

மார்ச் 25

கணக்கு போட்டேன். கேட்கும் விலையோடு இரண்டு டயர், செயின் செட், பிரேக் ஆயில், கூலன்ட், இன்ஜின் ஆயில், புதுக் காப்பீடு, பெயர் மாற்றும் செலவு, எதிர்பாராததற்கு ஒரு தொகை. இவ்வளவையும் கூட்டிய பிறகும் புதுசைவிடக் கணிசமாகக் குறைவு. பழசுக்கு வாங்கும் கடனில் வட்டி பொதுவாகக் கூடுதல் என்பதால் கடனே வேண்டாம் என்று வைத்தேன். ஷோரூம் விலையின் மேல் ஏறுவதையெல்லாம் கூட்டினால் புதுசுக்கு அது சாத்தியமில்லை.

"அப்போ புதுசு வேண்டாம்னு முடிவா?" என்றாள் மனைவி. அப்படி இல்லை. இதே வண்டி சர்வீஸ் ரசீது இல்லாமல் வந்திருந்தால் புதுசைத்தான் எடுத்திருப்பேன். கணக்கை எழுதிய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பின் சீட்டில் உட்காரப்போகிறவளுக்கு முதுகுச் சாய்வு எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டாள். எழுதிச் சேர்த்தேன்.

மார்ச் 29

வாங்கியாயிற்று. செயினையும் டயரையும் காட்டியதும் விற்றவர் விலை குறைத்தார். சாய்ந்த கதைக்கு எதுவும் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்டீயரிங் கழுத்தில் பொறித்த சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். வண்டியின் மேல் அவர் வாங்கியிருந்த கடன் அடைந்ததற்கான சான்று கைக்கு வந்த பிறகுதான் பணம் கைமாறியது. அதே எண்ணை வைத்து, உற்பத்தியாளர் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் வேலை ஏதாவது பாக்கியா என்றும் விசாரித்தேன். எதுவும் இல்லை. இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வண்டி இப்போது அண்ணனின் பட்டறையில். ஆயில்களும் செயின் செட்டும் நாளை மாறும். பின் டயர் வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை ஓட்டக் கூடாது என்று சாவியை அவரே வைத்துக்கொண்டார். இரண்டாவது சாவி என்னிடம் இருப்பது அவருக்கும் தெரியும்.