நனைந்த நாயும் மூணு நாள் குட்டியும்: நெல்லைச் சீமையின் குளிர்காலம்

நம்ம பக்கம் மார்கழி இரவில்கூட பாளையங்கோட்டையில் பெரும்பாலும் 21, 22 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். வளர்ந்த, உடம்பு காய்ந்திருக்கிற, வயிறு நிறைந்த நாய்க்கு இது குளிரே இல்லை. கடையில் தொங்குகிற கம்பளிச் சட்டையைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். ஆனால் அதே 22 டிகிரி, பிறந்து மூன்று நாளான குட்டியைக் கொல்லப் போதும். மழையில் நனைந்து சிமெண்ட் தரையில் படுத்த கிழட்டு நாயை எழவிடாமல் முடக்கவும் போதும். நம்ம ஊர்க் குளிர்காலம் என்பது ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும், மார்கழி, தை மாதத்து விடியற்காலப் பனியும்தான். ஈரத்தைத் தடுத்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

நாயின் முடிக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் அதற்குப் போர்வை. முடி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், உடம்புச் சூட்டைப் பல மடங்கு வேகமாக இழுக்கும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு இந்தப் போர்வையே மெல்லிசு. குட்டை முடி, தோலுக்குக் கீழே கொழுப்பும் சொற்பம். கரிசல் வெயிலில் முயல் விரட்டுவதற்கென்று அமைந்த உடம்பு அது. பக்கத்து வீட்டு பொமரேனியன் சாவகாசமாகக் குரைத்துக்கொண்டு நிற்கிற இரவில் இவை நடுங்கும். பொமரேனியனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: மழைக்காலத்தில் சிக்கு விழுகிறது என்று முடியை ஒட்ட வெட்டாதீர்கள். சிக்கைச் சீப்பால் எடுங்கள்.

வெளியே படுக்கிற நாய்க்குக் கூடு செய்வதானால் வாசல் எந்தத் திசை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை வாடையோடும் (வடகாற்று) கொண்டலோடும் (கீழ்காற்று) வரும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும். தெற்குப் பார்த்த வாசல் இரண்டுக்கும் தப்பும். கூட்டின் தளம் தரையிலிருந்து இரண்டு செங்கல் அடுக்கு, அதாவது அரையடி, உயர்ந்திருக்கட்டும். கீழே காற்று ஓடினால்தான் பலகை காயும். பெரிய கூடு நல்ல கூடு இல்லை. நாயின் உடம்புச் சூட்டால்தான் உள்ளே வெதுவெதுப்பு வருகிறது, இடம் கூடினால் சூடு தங்காது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து அரையடி கூட்டுங்கள், அதுதான் நீளம். குனியாமல் நின்று, ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்க முடிந்தால் அகலமும் உயரமும் சரி.

கூரைக்குத் தகரம் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இரவில் தகரம் குளிர்ந்ததும் நாயின் மூச்சு ஈரம் அடிப்பக்கத்தில் முத்துமுத்தாகக் கோத்து, விடியற்காலையில் நாய் மேலேயே சொட்டும். மழையே இல்லாத மார்கழியிலும் நாய் நனைந்திருப்பது இதனால்தான். தகரத்துக்கு அடியில் பனையோலையோ தெர்மாகோலோ ஒரு அடுக்கு கொடுத்தால் சொட்டாது. தெர்மாகோல் என்றால் நாய் கடிக்காதபடி மேலே பலகை அடிக்க வேண்டும்.

விரிக்க வைக்கோலே சிறப்பு, ஆனால் எந்த வைக்கோல் என்று பாருங்கள். கார் பருவ நெல் அறுப்பு வைக்கோல் புரட்டாசி, ஐப்பசி மழையில் மாட்டி, உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். மூக்கில் நெடி ஏறினால் அது மாட்டுக்கும் வேண்டாம், நாய்க்கும் வேண்டாம். போன மாசி, பங்குனியில் அறுத்த பிசானப் பருவத்து வைக்கோலைப் படப்பின் நடுவிலிருந்து உருவி, ஒரு சாண் கனத்துக்குப் போடுங்கள். நாயே குழி பறித்துச் சுருண்டுகொள்ளும். கையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள், சில்லென்று இருந்தால் மாற்ற வேண்டும். பழைய போர்வையைக் கூட்டுக்குள் போடுவது நல்ல மனசுதான், ஆனால் ஒருமுறை நனைந்தால் கார்த்திகையில் அது காயவே காயாது. வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் படுக்கிற நாய்க்கு ஒரு கோரைப் பாய், மேலே இரண்டாக மடித்த சாக்கு, அவ்வளவு போதும்.

நனைந்து வந்த நாயைத் துடைக்க இரண்டு துண்டு வேண்டும். முதல் துண்டால் தண்ணீரை ஒற்றி எடுங்கள், இரண்டாவதால் வயிறு, தொடை இடுக்கு, விரல் இடுக்கு. முதுகை மட்டும் துடைத்துவிட்டு விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நோவு கிளம்புவது மற்ற இடங்களில். வயல் வரப்பில் சுற்றி வந்த நாயின் விரல் இடுக்கில் சேறு காய்ந்தால் நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். லாப்ரடார் மாதிரி காது தொங்குகிற நாய்களுக்குக் காதுக்குள் ஈரம் நின்று, பழுப்பு அழுக்கும் நாற்றமும் வரும். வெளிமடலைத் துணியால் துடைக்கலாம், பஞ்சுக் குச்சியை உள்ளே விடக்கூடாது. குளிப்பாட்டுவதை மாதம் ஒன்றாகக் குறைத்து, வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து உச்சி வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்குச் சட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் நனைந்த நொடியில் கழற்றிவிடுங்கள். ஈரச்சட்டை வெறும் உடம்பைவிட மோசம்.

தேங்கிய தண்ணீரில் இன்னொரு ஆபத்து எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரை நாய் குடித்தாலோ, அதில் புண்ணோடு நடந்தாலோ தொற்றும். ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். இதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஐப்பசிக்கு முன்பே அட்டையை எடுத்துத் தேதி பாருங்கள்.

இனி குட்டிகள். பிறந்த நாய்க்குட்டிக்கு முதல் வாரம் நடுங்கக்கூடத் தெரியாது. சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் திறன் வர மூன்று, நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் குட்டி படுக்கும் இடத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெளியே 22 என்றால் ஏழு முதல் பத்து டிகிரி பள்ளம். தாய் கூடவே கிடந்தால் அதன் உடம்பே நிரப்பிவிடும். தாய் எழுந்து போகிற நேரமும், தாயில்லாக் குட்டியும்தான் சிக்கல்.

அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் சூடு கொடுங்கள், மறுபக்கம் விலகிப்போக இடம் இருக்கட்டும். 60 வாட் குண்டு பல்பை இரண்டடி உயரத்தில், ஒயரை நம்பாமல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. வெளிச்சம்தான் வரும், சூடு வராது. குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். மூலைக்கு மூலை பிரிந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் அமைதியாகத் தூங்கினால் சரி. மழைக்காலத்தில் கரண்ட் போகும் என்பதால் வெந்நீர்ப் பாட்டில் ஒன்று தயாராக வேண்டும். மெல்லிய தண்ணீர் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கி ஒழுகிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் கை தாங்குகிற சூட்டில் ஊற்றி, துண்டு சுற்றி வையுங்கள். ஆறிய பாட்டிலை உடனே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும்.

சில்லிட்டுக் கிடக்கிற குட்டியைக் கண்டால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பால் புகட்டுவது. அதைச் செய்யாதீர்கள். ஆசனவாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். முதல் வாரக் குட்டிக்கு 95 முதல் 98 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். 94க்குக் கீழே போனால் குடல் ஓடாது. புகட்டின பால் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், அல்லது நுரையீரலுக்குள் போகும். முதலில் சட்டைக்குள், உங்கள் வயிற்றோடு ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு டிகிரி ஏறினால் போதும், அடுப்படியில் காட்டிச் சட்டென்று சூடாக்கக்கூடாது. குட்டி அசைந்து, வாயில் விரல் வைத்தால் சப்பத் தொடங்கிய பிறகு, நாய்க்குட்டிக்கான பால் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள். குப்புறப் படுத்த நிலையில், தலை லேசாக உயர்ந்திருக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் புரையேறும். பசும்பாலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது பட்டினி போடுவதற்குச் சமம். நாய்ப்பாலில் இருக்கிற அளவு கொழுப்பும் புரதமும் பசும்பாலிலேயே இல்லை.

கோழிக்குஞ்சுக்கும் இதே கணக்குதான், இன்னும் கொஞ்சம் கறாராக. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். குஞ்சுக்கு இரண்டு வாட் என்று வைத்து, 30 குஞ்சுக்கு ஒரு 60 வாட் பல்பு. பஞ்சாரத்தைச் சாக்கால் முழுக்கப் போர்த்தாதீர்கள். எச்சத்தின் அமோனியா கண்ணையும் மூச்சையும் கெடுக்கும், மேலே ஒரு கை அகலம் திறந்திருக்கட்டும். அடியில் போட்ட உமி நனைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், இரத்தக்கழிச்சல் ஈர உமியில்தான் பெருகும்.

லவ் பேர்ட்ஸ் கூண்டைக் காற்று படாத சுவரோரம் மாற்றி, மூன்று பக்கம் துணி போட்டால் போதும். குளிருக்கென்று அதன் பக்கத்தில் சாம்பிராணி போடுவது, கொசுவர்த்தி ஏற்றுவது இரண்டும் வேண்டாம்.

பூனை தன் வெப்பத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பதுதான் அதன் பிரச்சனை. பனிக்காலத்தில் காரின் எஞ்சினுக்குள் ஏறித் தூங்கும். காலையில் கிளப்புவதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தும்மல், காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. நாய்க்கும் நம் வலி மாத்திரைகள் ஆகாது. கிழட்டு நாய் காலையில் எழ முடியாமல் தவித்தால் மருத்துவரிடம் எடையைச் சொல்லி மருந்து வாங்குங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கம்பளித் துணியோடு அந்துருண்டை போட்டு வைத்திருந்தால் அதை உதறிக் காயவைக்காமல் பிராணிகளுக்கு விரிக்காதீர்கள், அதுவும் விஷம். மூடிய அறையில் கரி நெருப்பு வைப்பது மனிதருக்கே ஆகாது.

கடைசியாகச் சங்கிலி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் அவிழ்த்துவிட்ட நாய் மேடு தேடிப் போகும். கட்டிய நாய்க்கும், பூட்டிய கூண்டுக்கும் வழியில்லை. கனமழை எச்சரிக்கை வந்த இரவில் சங்கிலியைக் கழற்றி, நாயை வீட்டுக்குள்ளோ மாடிப்படிக்கோ மாற்றுங்கள். கழுத்துப்பட்டை மட்டும் இருக்கட்டும், அதில் உங்கள் போன் எண்ணை அழியாத மையில் எழுதிவையுங்கள். கோழிக்கூண்டின் கதவுக்குப் பூட்டு வேண்டாம், கொக்கி போதும்.