முதல் வாரத்தில் குறைவது கொழுப்பு அல்ல

மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்) குறைத்து உண்ணத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே உற்சாகமாகிவிடுகிறார்கள். எடை இரண்டு கிலோ, சிலருக்கு மூன்று கிலோகூட இறங்கிவிடுகிறது. எனக்கும் இறங்கியது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஒரே வாரத்தில் மூன்று கிலோ கொழுப்பு கரைய வேண்டுமென்றால், நாளொன்றுக்கு 3,300 கலோரி பற்றாக்குறை ஏற்பட்டாக வேண்டும். நம்மில் பலர் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றலே அவ்வளவு வராது.

அப்படியானால் குறைந்தது எது? நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன. அதன் அளவு சுமார் 400 முதல் 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்கு நீரையும் பிடித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து வரும் மாவுச்சத்து குறைந்ததும் உடல் இந்தச் சேமிப்பில் கை வைக்கிறது. உடனிருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. மாவுச்சத்தோடு இன்சுலின் சுரப்பும் குறைவதால் சிறுநீரகங்கள் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுகின்றன. தொடக்க நாட்களில் தலைவலி, சோர்வு, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு ஆகியவை வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். விருந்தொன்றில் வயிறாரச் சாப்பிட்ட மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறி நிற்பதும் இதே கணக்கில்தான் அடங்கும். அதைக் கண்டு மனம் நொந்து முறையையே கைவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்; போன நீர் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே.

உண்மையான எடைக்குறைப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதில் மாயம் எதுவும் இல்லை என்பதே என் கருத்து. புரதம் மிகுந்த உணவு பசியை நெடுநேரம் அடக்கி வைப்பதாலும், இனிப்பும் நொறுக்குத்தீனியும் தானாகவே விலகிவிடுவதாலும், எண்ணிப் பார்க்காமலே நாம் குறைவாக உண்கிறோம். 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், 609 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டு கவனிக்கப்பட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று: இரண்டு பிரிவிலுமே 25 கிலோவுக்கு மேல் இழந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். ஆகவே எது சிறந்தது என்று சண்டையிடுவதைவிட, எந்த முறையில் நம் பசி அடங்குகிறது என்று பார்ப்பதே மேல். என் பசி முட்டைக்கு அடங்குகிறது, ரொட்டிக்கு அடங்குவதில்லை.

நடைமுறையில் பலரும் இடறுவது பொட்டலங்களில்தான். “சர்க்கரை சேர்க்கப்படவில்லை” என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட பிஸ்கட்டைத் திருப்பிப் பாருங்கள். மொத்த மாவுச்சத்து என்ற வரியில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். மாவும் மாவுச்சத்துதானே! ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 45 கிராம், 200 மில்லி பாலில் கிட்டத்தட்ட 10 கிராம். நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் நிற்க விரும்பும் ஒருவருக்கு இந்த எண்கள் மனப்பாடமாக வேண்டும். மறுபுறம், மாவுச்சத்து குறைவு என்பதற்காகப் பாதாமையும் சீஸையும் அளவின்றிக் கொறிப்பதும் உதவாது. 100 கிராம் பாதாமில் 600 கலோரிக்குச் சற்றே குறைவாக இருக்கிறது. நார்ச்சத்துக்குக் கீரையும் காய்களும் தாராளமாக வேண்டும், இல்லையேல் மலச்சிக்கல் உறுதி.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதில் இறங்கவே கூடாது. பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். டாபாக்ளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கோ, சர்க்கரை பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவும் மாற வேண்டியிருக்கலாம். எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு சிலருக்குக் கணிசமாக உயர்வதால், தொடங்குமுன் ஒரு முறையும் சில மாதங்கள் கழித்து மறுமுறையும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். உயர்ந்திருந்தால் வெண்ணெயையும் கொழுப்பு மிகுந்த இறைச்சியையும் குறைத்து, மீனுக்கும் கொட்டைகளுக்கும் மாறிப் பார்க்கலாம். அதற்காக மாவுச்சத்தைக் கூட்டியே ஆக வேண்டும் என்பதில்லை.