கெட்டுப் போச்சு என்றால் 'கோ பேட்'

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பாதி. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே வேலை பார்க்கிறவர்கள் மீதி. இவர்களில் யாருக்கும் பெரிய பெரிய வார்த்தைகளோடு தகராறு கிடையாது, போனில் தட்டிப் பார்த்து அர்த்தம் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். இடறுவதெல்லாம் மேக், டூ, டேக், ஹேவ், கெட், கோ என்று சின்ன வகுப்பிலேயே படித்து முடித்ததாக நினைக்கிற வினைகளில்தான்.

காரணம் எளிது. டேக் என்றால் எடு, மேக் என்றால் செய் என்று ஒற்றை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். 'டேக் எ நாப்' என்று குட்டித் தூக்கம் போடுகிறவர் எதையும் எடுப்பதில்லை, 'பே அட்டென்ஷன்' என்று கவனிக்கிறவர் யாருக்கும் பணம் கட்டுவதில்லை. அர்த்தத்தைத் தாங்குவது பக்கத்தில் நிற்கிற பெயர்ச்சொல், வினை சும்மா அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. எந்தப் பெயரை எந்த வினை தள்ளும் என்பது பெரும்பாலும் வழக்கம்தான்.

இது வெள்ளைக்காரன் மட்டும் செய்கிற அநியாயம் இல்லை. நமக்குப் பசி எடுக்கிறது, சளி பிடிக்கிறது, வெயில் அடிக்கிறது. கொட்டாவி விடுகிறோம், சண்டை போடுகிறோம். பள்ளிக்கூடம் லீவு விடும், நாம் லீவு போடுவோம். பஸ்ஸில் டிக்கெட் எடுப்போம், ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் போடுவோம். இதையெல்லாம் எந்த வாத்தியாராவது நமக்குச் சொல்லிக் கொடுத்தாரா? ஒரு சொல்லை அதோடு சேர்ந்து வருகிற சொற்களை வைத்துத்தான் அறிய முடியும் என்று 1957-இல் எழுதினார் ஜே. ஆர். ஃபிர்த் என்கிற ஆங்கிலேய மொழியியலாளர். லாகூரில் பேராசிரியராக இருந்தவர், தமிழ் உச்சரிப்பைப் பற்றிக்கூட எழுதியவர், அதனால் எனக்கு அவர் மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

சரி, நான் சொல்ல வந்தது 'கோ'வைப் பற்றி. ஓட்டல் சமையல்கட்டில் நிற்கிற ஒரு பெண் வகுப்புக்கு வந்து, "ஆச்சி, காலையில வெள்ளைப் பணியாரம் ஏன் இல்லைன்னு கெஸ்ட் கேட்டாங்க, மாவு புளிச்சுப் போச்சுன்னு எப்படிச் சொல்றதுன்னே தெரியலை" என்றாள். உழக்கு பச்சரிசியை அளந்து அதன் தலையில் கோபுரமாக உளுந்தை வைத்து ஊறப்போட்டு, நைசாக ஆட்டிச் சுடுகிற பண்டம் அது. இட்லி மாவு மாதிரி புளிக்க விட்டால் வேலைக்கு ஆகாது. 'பிகேம் சவர்' என்று சமாளித்திருக்கிறாள். தப்பில்லை, ஆனால் பாடப்புத்தக வாடை. 'த பேட்டர் ஹேஸ் கான் சவர்' என்பதுதான் வாயில் வருகிற இங்கிலீஷ்.

இதில் என்ன அழகென்றால், அவள் தமிழில் சொன்னதிலேயே விடை இருக்கிறது. புளிச்சுப் போச்சு. பால் கெட்டுப் போனால் 'கோ பேட்', பழம் அழுகிப் போனால் 'கோ ராட்டன்', ரொட்டி காய்ந்து பழசாகிப் போனால் 'கோ ஸ்டேல்'. ஒருத்தருக்குக் காது கேட்காமல் போனால் 'கோ டெஃப்', கண் தெரியாமல் போனால் 'கோ பிளைண்ட்'. முடியெல்லாம் கொட்டிப் போனால் 'கோ பால்ட்', சாவி காணாமல் போனால் 'கோ மிஸ்ஸிங்'. நல்லது கெட்டதாகிற இடத்தில் நாமும் போ என்கிறோம், அவர்களும் கோ என்கிறார்கள். இரண்டு மொழிக்கும் ஒட்டு உறவில்லை, ஆனாலும் கைவிட்டுப் போனதைச் சொல்ல இரண்டுக்கும் இந்த வினைதான் தோன்றியிருக்கிறது. எதிர்ப்பக்கம் கம். கனவு பலித்தால் 'கம் ட்ரூ', செத்துக் கிடந்த கடைத்தெரு திருவிழாவுக்குக் களைகட்டினால் 'கம் அலைவ்'. திருகாணி கழன்றாலும் 'கம் லூஸ்' என்பார்கள், அதனால் கம் எப்போதும் நல்லது என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

போவை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டிவிடவும் முடியாது. வயசாகிப் போச்சு என்போம், 'கோ ஓல்ட்' கிடையாது, 'கெட் ஓல்ட்' அல்லது 'குரோ ஓல்ட்'தான். மேலுக்கு முடியாமல் போச்சு என்றால் 'ஃபால் இல்'. தூங்கிப் போனால் 'ஃபால் அஸ்லீப்', அதாவது நம் கையில் இல்லாமல் தானாக விழுகிறோம். ஊருணி வற்றிப் போனால் 'ரன் ட்ரை'. நிறம் மாறினால் டர்ன் அல்லது கோ, இலை மஞ்சளாவது 'டர்ன் யெல்லோ'. நனைவது, களைத்துப் போவது, கோபப்படுவது, வழி தவறுவது, கல்யாணம் ஆவது எல்லாம் கெட். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிற நிலைமைகள் (கல்யாணத்தை இதில் சேர்க்கலாமா என்று கேட்டு வகுப்பில் சிரிக்கிறார்கள், நான் பதில் சொல்வதில்லை).

பெயர்ச்சொல் பக்கம் வந்தால் எங்கள் ஊருக்குத் தோதான பாடம் காசுதான். பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை வைக்கப் போன ஊர் இது, வட்டியும் முதலும் எல்லோருக்கும் புரியும். வியாபாரம் பண்ணுவது 'டூ பிசினஸ்'. அதில் லாபம் வந்தால் 'டூ ப்ராஃபிட்' இல்லை, 'மேக் எ ப்ராஃபிட்'. நட்டப்பட்டாலும் 'மேக் எ லாஸ்'தான், லாபத்துக்கும் நட்டத்துக்கும் ஒரே வினை என்பது பிள்ளைகளுக்குப் பொறுக்கவே இல்லை. கணக்கு எழுதுவது 'கீப் அக்கவுண்ட்ஸ்', 'ரைட் அக்கவுண்ட்ஸ்' இல்லை. வட்டி போடுவது 'சார்ஜ் இன்ட்ரஸ்ட்', கட்டுவது 'பே இன்ட்ரஸ்ட்'. 'டேக் இன்ட்ரஸ்ட்' என்று எழுதினால் ஏதோ ஒன்றில் ஆர்வம் காட்டுவதாகப் போய்விடும். கடன் வாங்குவது 'டேக் அவுட் எ லோன்'. கடைசியில் மஞ்சள் கடுதாசி கொடுத்தால்? 'கோ பேங்க்ரப்ட்'. பாருங்கள், கைவிட்டுப் போனதும் கோ வந்துவிட்டது.

மேக்குக்கும் டூவுக்கும் புத்தகங்களில் ஒரு விதி சொல்வார்கள்: புதிதாக ஒன்று உண்டானால் மேக், வேலையைச் செய்வது டூ. பாதி தூரம் உதவும். காபி போடுவது மேக், பாத்திரம் கழுவுவது டூ. ஆனால் படுக்கையைச் சரிசெய்வது 'மேக் த பெட்', அங்கே எந்தக் கட்டிலும் உண்டாவதில்லை. விதியை விட்டுவிட்டு, ஓட்டலில் ரூம் பார்க்கிறவர்கள் 'மேக் த பெட்'டை ஒரே வார்த்தையாக வைத்துக்கொள்வதுதான் நல்லது.

தமிழ் கெடுக்கிற இடம் என்று பார்த்தால் போடு. புட் லீவ், புட் சைன், புட் மீட்டிங் என்று எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். லீவுக்கு டேக், மீட்டிங்குக்கு ஹேவ் அல்லது ஹோல்ட், கையெழுத்துக்கு சைன் என்கிற வினையே போதும். சாப்பாடு எடுத்துக்குங்க என்கிற உபசரிப்பு 'டேக் யுவர் லஞ்ச்' ஆகிறது. எங்கள் ஊர் உபசாரம் அதில் தெரிகிறது என்றாலும், கேட்கிறவருக்கு மாத்திரை சாப்பிடச் சொல்கிற மாதிரி இருக்கும், ஹேவ் என்றே சொல்லலாம். குளியலுக்கு பிரிட்டன்காரர் 'ஹேவ் எ பாத்' என்பார், அமெரிக்கர் 'டேக் எ பாத்' என்பார், இரண்டும் சரி. இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நோட்டில் வினையைத் தனியாக எழுதுவதை என் வகுப்பில் நிறுத்திவிட்டேன். 'கோ' என்று எழுதி எதிரே 'போ' என்று எழுதுவது கிடையாது, 'த மில்க் ஹேஸ் கான் பேட்' என்று முழு வாக்கியம், கீழே வீட்டில் பேசுகிற தமிழ், பால் கெட்டுப் போச்சு. பெயரோ பெயரடையோ வினையோடு சேர்ந்து எங்கே கண்ணில் பட்டாலும், பிஸ்கட் பாக்கெட்டில் இருந்தாலும் சரி, அப்படியே அள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வினைக்கு ஒரு பக்கம். 'கெட்' என்கிற வினைக்கு மட்டும் நாலு பக்கம் காலியாக விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.