விட்டு விட்டு எரியுற லைட்டு

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல மோஷன் கிராஃபிக்ஸ், அதாவது வீடியோவுல எழுத்தையும் படத்தையும் அசைய விடுற வேல, பண்றேன்னு சொன்னா கோலாலம்பூர்ல, அதான் கேஎல்ல, இருக்கிறவங்க சிரிப்பாங்க, அந்த ஊர்ல என்னா இருக்கு கிராஃபிக்ஸ் பண்றதுக்குன்னு. இருக்குலா. கல்யாண வீடியோவுக்கு பேரு ஓட விடணும், திருவிழாவுக்கு எல்இடி ஸ்கிரீன்ல வேல் சுத்தணும், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு தீப்பொறி பறக்கணும். அண்ணன் முன்னால ஸ்டூடியோவுல போட்டோ எடுப்பாரு, நான் பின்னால ஜன்னல் இல்லாத ரூம்ல ரெண்டு ஸ்கிரீன வெச்சிகிட்டு உக்காந்திருப்பேன், பன்னெண்டு வருசமா இதான் பொழப்பு.

போன வருசம் கேஎல்லேர்ந்து ஒரு வேல வந்துச்சு. டாக்குமெண்டரி, தோட்டத்து வாழ்க்கைய பத்தி, அதுக்கு 20 செகண்டு ஓப்பனிங் டைட்டில் வேணும்னாங்க. எங்க ஊரு பேர சொன்னாலே வெளியில உள்ளவங்களுக்கு 1948 ஜூன் 16ந் தேதி தோட்டத்து வெள்ளக்கார தொரைங்கள சுட்டதும் அதுக்கப்புறம் வந்த எமர்ஜென்சியும்தான் ஞாபகம் வரும், இவங்களாச்சும் லயத்து வீட்ட, தோட்டத் தொழிலாளிங்க இருந்த வரிசை வீட்ட பத்தி கேக்குறாங்களேன்னு எனக்கு ஒரு சந்தோசம், காசு கம்மிதான், இருந்தாலும் ஒத்துக்கிட்டேன். சீன் ரொம்ப சிம்பிள். 1970கள், ராத்திரி, ஆறு கதவு உள்ள ஒரு லயம், ஜன்னல்ல லைட்டு விட்டு விட்டு எரியுது, அது மேல பேரு வருது. பழைய கருப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு குடுத்தாங்க, அத வெட்டி லேயர் லேயரா பிரிச்சு ஆழம் குடுத்துட்டேன். லைட்டு மினுக்குறது அஞ்சு நிமிசத்து வேலைன்னு நெனச்சேன், மூணு வாரம் ஆச்சு.

மொதல்ல எல்லாரும் பண்றததான் நானும் பண்ணேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேர்ல ஜன்னல் லேயரோட ஒபாசிட்டில, எவ்ளோ அழுத்தமா தெரியணும்கிற அளவுல, ஒரு விக்கிள் எக்ஸ்பிரஷன், எண்ண தானா ஆட்டி விடுற ஒரு வரி கட்டளை, 10 கமா 50, அதாவது செகண்டுக்கு 10 தடவ, மேல கீழ 50 வரைக்கும் ஆடு. ஓட விட்டா ஏதோ ஆடுது, ஆனா பாதி நேரம் லைட்டு அசையாம நிக்குது, மீதி நேரம் துடிக்குது. அப்புறந்தான் மண்டையில ஏறுச்சு, ஒபாசிட்டி 100ல நிக்குது, அதுக்கு மேல போக எடமே இல்ல, விக்கிள் 130ன்னு கணக்கு போட்டாலும் 100லயே வெட்டிடும். சரின்னு ஒபாசிட்டிய விட்டுட்டு எக்ஸ்போஷர்ல, அதான் வெளிச்ச அளவுல, போட்டேன், மேல வெட்டாம இருக்க ப்ராஜெக்ட்ட 32 பிட்டுக்கு மாத்தி வெளிச்சத்த லீனியர்ல, நெச வெளிச்சம் கூடுற மாதிரி, கூட்ட விட்டேன், ஜன்னல் மட்டும் மினுக்காம முன்னால உள்ள வாசப்படியும் மண்ணு தரையும் சேந்து மினுங்குற மாதிரி பண்ணேன். பாக்க அழகா இருந்துச்சு, கேஎல்லுக்கும் அனுப்பி வெச்சேன். ஆனா லைட்டு மாதிரி இல்ல.

அந்த நேரம் பாத்து வயர்மேன் தாத்தா கடைக்கு வந்தாரு. தோட்டத்துல வயர்மேன் வேல பாத்து ரிட்டையர் ஆனவரு, பாட்டி படத்த பெருசாக்கி பிரேம் போட குடுத்திருந்தாரு, அத வாங்க வந்த மனுசன் என் ரூம் வாசல்ல நின்னு ஸ்கிரீனையே பாத்துகிட்டு இருந்தாரு.

"என்னாம்மா இது, தீபாவளிக்கு வாசல்ல கட்டுற லைட்டா?"

"இல்ல தாத்தா, லயம். அந்த காலத்து லைட்டு, கெட்டுப் போன மாதிரி விட்டு விட்டு எரியுது."

"கெட்டுப் போச்சுன்னா என்னா கெட்டுப் போச்சு? டியூபா, ஸ்டார்ட்டரா, ஒயரா, இஞ்சினா?"

எனக்கு பதில் தெரியல. கெட்டுப் போன லைட்டுன்னா கெட்டுப் போன லைட்டுதானே, அதுல என்னா வகை? தாத்தா நேரா எங்க கடை பின்பக்கம் பாத்திரம் கழுவுற எடத்துக்குப் போனாரு, அங்க ஒரு நாலு அடி டியூப், ரெண்டு மாசமா மினுக்கிகிட்டு கெடக்கு, அண்ணன்கிட்ட மாத்தச் சொல்லிச் சொல்லி நானே மறந்துட்டேன். சுவிட்ச தட்டி நிப்பாட்டிட்டு ஸ்டார்ட்டர திருகி எடுத்து மூடிய பிரிச்சுக் காட்டுனாரு. உள்ள சின்ன கண்ணாடி குமிழி, அதுக்குள்ள ரெண்டு தகடு. கரண்ட் வந்ததும் குமிழிக்குள்ள லேசா ஒளி வருது, அந்த சூட்டுல தகடு வளைஞ்சு ஒண்ண ஒண்ணு தொடுது, தொட்டதும் கரண்ட் டியூபோட ரெண்டு முனையிலயும் உள்ள இழை வழியா ஓடி அத காய வைக்குது, அதுக்குள்ள தகடு ஆறிப் பிரியுது, பிரியுற அந்த நொடியில சோக்கு, அதான் டியூபோட சேந்த கம்பிச் சுருள், ஒரு ஒதை குடுக்கும், அந்த ஒதையிலதான் டியூப் பத்திக்கும். பத்தலன்னா மறுபடி மொதல்லேர்ந்து. டியூப் பழசாகி முனை ரெண்டும் கருத்துப் போச்சுன்னா பத்திக்கிட்ட மாதிரி வந்து அணைஞ்சிடும், திரும்ப, திரும்ப. அதான் மினுக்குறது.

"இது அதும்பாட்டுக்கு ஆடுறது இல்லம்மா, பாவம் எந்திரிக்கப் பாக்குது, முடியல," அப்படின்னு சொல்லிட்டு ஸ்டார்ட்டர மாட்டிட்டு பாட்டி படத்த வாங்கிகிட்டு போயிட்டாரு. காசு குடுக்க மறந்துட்டாரு, அண்ணனும் கேக்கல.

அன்னிக்கி ராத்திரி கடைய சாத்திட்டு அந்த டியூப போன்ல எடுத்தேன். நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுத்துல ரெண்டு தடவ உச்சத்துக்கு போகும், அதனால நல்லா எரியுற டியூபே செகண்டுக்கு 100 தடவ துடிக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. ஷட்டர செகண்டுல 50ல ஒரு பங்கு வெச்சா ஒவ்வொரு ஃபிரேம்லயும் சரியா ரெண்டு துடிப்பு விழும், படத்துல கோடு ஓடாது. 25 ஃபிரேம்ல 12 செகண்டு, மொத்தம் 300 ஃபிரேம், ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளி வெளிச்சத்துக்கு 0லேர்ந்து 9 வரைக்கும் நோட்டுல மார்க் போட்டேன். பைத்தியக்காரத்தனமா தெரியும், ஆனா இது புதுசு ஒண்ணும் இல்ல, 1996ல வந்த குவேக் கேம்ல லைட்டு மினுக்குறத எழுத்தாலயே எழுதி வெச்சிருந்தாங்க, ‘a’ எழுத்துன்னா இருட்டு, ‘m’ எழுத்துன்னா சாதாரண வெளிச்சம், செகண்டுக்கு பத்து எழுத்து.

நோட்ட பாத்தா எனக்கே ஆச்சரியம். விக்கிள் போடுற மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு ஏறி எறங்குற எண்ணே இல்ல. 0, 0, 0ன்னு நீளமா போகுது, ஆனா முழு இருட்டு இல்ல, முனை ரெண்டும் மட்டும் ஆரஞ்சா காஞ்சிகிட்டு கெடக்கு. திடீர்னு 7. ரெண்டு ஃபிரேம். மறுபடி நீளமா இருட்டு. அப்புறம் 8, 3, 9, பத்திக்கிச்சுன்னு பாத்தா அணைஞ்சிடுச்சு. நான் எல்லாத்தையும் வேகமா மினுக்க விட்டேன், நெசத்துல அது காத்துகிட்டு இருக்கிற நேரம்தான் அதிகம். விக்கிள தூக்கிப் போட்டுட்டு நோட்டுல உள்ளத அப்படியே ஹோல்ட் கீஃபிரேமா, அடுத்த எண்ணு வர்ற வரைக்கும் அசையாம நிக்கிற மாதிரி வெச்சேன், மெதுவா ஏறி எறங்குற ஈஸ் கிடையாது, டக்கு டக்குன்னு. இருட்டு நேரத்துல முனையில மட்டும் ஆரஞ்சு. ஓட விட்டதும் அண்ணன் எட்டிப் பாத்து, "பின்னால உள்ள லைட்டா?"ன்னு கேட்டாரு. அதுக்கு மேல என்னா வேணும்.

கத அங்க முடிஞ்சிருக்கணும். அம்மாகிட்ட காட்டுனதுதான் தப்பு.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுனவங்க, லயத்துலயே பொறந்து வளந்தவங்க. பாத்துட்டு, "எங்க லயத்துல ஏது டியூப் லைட்டு"ன்னாங்க. குண்டு பல்புதானாம், வீட்டுக்கு ரெண்டு. கரண்ட் டவுன்லேர்ந்து வராது, தோட்டத்து இஞ்சின்தான், சாயங்காலம் இருட்டுனா போடுவாங்க, பத்து மணிக்கு நிப்பாட்டுவாங்க, அதுக்கப்புறம் மண்ணெண்ணெ வெளக்கு. நிப்பாட்டுறதுக்கு கொஞ்சம் முன்னால இஞ்சின்காரரு ஒரு தடவ லைட்ட மங்க வெச்சு திரும்ப ஏத்துவாராம், பாய விரிச்சுக்குங்கன்னு அர்த்தம். மத்த நேரத்துலயும் இஞ்சின் ஏறி எறங்குனா லைட்டும் ஏறி எறங்கும்.

"எல்லா வீட்டுலயுமா?"

"பின்ன? ஒரே இஞ்சின்தானடி."

அந்த ஒரு வார்த்தையில என்னோட ஆறு ஜன்னலும் தப்பாயிடுச்சு. விக்கிள் எக்ஸ்பிரஷன ஆறு லேயர்ல ஒட்டுனா ஆறும் ஆறு விதமா ஆடும், ஏன்னா ரேண்டம் கணக்கு எங்கேர்ந்து தொடங்கணும்னு வெத போடுறப்பவே சாஃப்ட்வேர் லேயரையும் சேத்துத்தான் போடுது. வேற வேலைக்கு அது நல்லது. ஆனா ஒரே இஞ்சின்ல எரியுற லயத்துல ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியா ஆடுனா அது பொய்யி. ஒரு நல் (null) லேயர், படத்துல தெரியாத வெறும் லேயர், வெச்சு, அதுல ஏத்தி எறக்குற ஒரு ஸ்லைடர் போட்டு, ‘இஞ்சின்’னு பேரு வெச்சேன். ஆறு ஜன்னலையும் பிக் விப்ப, ஒண்ண ஒண்ணோட இணைக்கிற கயிற, இழுத்து அந்த ஸ்லைடர்லயே கட்டிட்டேன்.

இப்ப விக்கிளுக்கு வேல வந்துச்சு. ஸ்லைடர்ல மெதுவா ஒரு விக்கிள், ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ, வோல்டேஜ் மூணு நாலு சதவீதம் ஆடுற மாதிரி. ஆனா குண்டு பல்புல வோல்டேஜ் எறங்குற அளவுக்கே வெளிச்சம் எறங்காது, வோல்டேஜோட கிட்டத்தட்ட 3.4ஆவது அடுக்குல (power) எறங்கும், 5 சதவீதம் வோல்டேஜ் கொறைஞ்சா வெளிச்சம் சுமார் 16 சதவீதம் போயிடும். அந்த 3.4ஐ எக்ஸ்பிரஷன்லயே எழுதிட்டேன், ஸ்லைடர தொட்டாலே லயம் மொத்தமும் மூச்சு விடுற மாதிரி ஆயிடுச்சு. இன்னொண்ணு, பல்புல உள்ள இழை சூட்டுல எரியுறது, டியூப் மாதிரி டக்குனு அணையாது, மங்க மங்க மஞ்சள் போயி செவப்பாகும், அதனால கலரையும் அதே ஸ்லைடர்ல கட்டி, எறங்குறப்ப நீலம் மொதல்ல, பச்ச அப்புறம் கொறையுற மாதிரி வெச்சேன். கடைசி ரெண்டு செகண்டு இஞ்சின் நிக்குது, ஆறு ஜன்னலும் ஒண்ணா செவந்து அடங்குது, ஒரு ஜன்னல்ல மட்டும் மண்ணெண்ணெ வெளக்கு வருது. வெளக்குக்கும் சும்மா மினுக்கு போட்டுடக் கூடாது, காத்து படாத சுடரு ஆடவே ஆடாது, வீடியோ பண்றவங்கதான் அத ஆட்டிகிட்டே இருப்பாங்க. வெளிச்சத்த விட லைட்டோட எடத்த லேசா அசைச்சேன், நெழலு செவுத்துல ஆடுச்சு, அதுவே போதும்.

அனுப்புனேன். ரெண்டு நாள் கழிச்சு பதிலு, ரொம்ப அமைதியா இருக்கு, அந்த மொதல்ல அனுப்புன மாதிரி நல்லா படபடன்னு மினுக்கட்டும், பயமா இருக்கணும்னு. பயமா? தோட்டத்துல சோறு பொங்குற நேரம்லா அது. நான் ரெண்டு காரணம் சொன்னேன். ஒண்ணு அம்மா சொன்னது. இன்னொண்ணு, ஸ்கிரீன் பெருசா செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல பளிச்சு பளிச்சுன்னு அடிச்சா வலிப்பு உள்ளவங்களுக்கு ஆபத்து, 1997 டிசம்பர்ல ஜப்பான்ல ஒரு கார்ட்டூன்ல செவப்பும் நீலமும் மாறி மாறி செகண்டுக்கு 12 தடவ அடிச்சதுல அறுநூறு பிள்ளைங்களுக்கு மேல ஆஸ்பத்திரிக்கு போனாங்க, அதுலேர்ந்து டிவிக்காரங்க இதுல கண்டிப்பா இருக்காங்கன்னு. ரெண்டாவது காரணத்துக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க. அம்மா சொன்னதுக்கு ஒரு வார்த்த பதில் இல்ல. ஆனாலும் விடல, கடைசி கதவு பக்கத்துல ஒரு டியூப் மினுக்கட்டும்னு கேட்டாங்க, சரின்னு நோட்டுல உள்ளத அங்க ஒட்டுனேன், பத்தாத நேரம் நீளமா வெச்சு. குண்டு பல்பு லயத்துல ஒரு டியூப் எங்கேர்ந்து வந்துச்சுன்னு வயர்மேன் தாத்தா கேட்டா நான் என்னா சொல்ல? தொரை ஏதோ சோதனைக்கு மாட்டுனாருன்னு சொல்ல வேண்டியதுதான்.

பணம் வந்து சேர நாலு மாசம். அது தனி கத.

ஃபைனல் ஃபைல அனுப்பிட்டு வீட்டுல அம்மாவுக்கு டிவியில போட்டுக் காட்டுனேன். மூணு தடவ பாத்தாங்க. அது வேற தோட்டத்து போட்டோன்னு எத்தன தடவ சொல்லியும் அவங்க காதுல விழல, எங்க லயந்தான்னு முடிவே பண்ணிட்டாங்க. லைட்டு செவந்து அடங்குறப்ப ஒண்ணும் பேசல, ரிமோட்ட கையில வெச்சிகிட்டே இருந்தாங்க. அப்புறம் எந்திரிச்சு டிவி பக்கத்துல போயி வெரல வெச்சாங்க.

"இந்த மூணாவது வீட்டுல ஏன் லைட்டு எரியுது? அவங்கதான் சிங்கப்பூருக்கு போயிட்டாங்களே, பூட்டுன வீடுல்ல அது?"

ஃபைல் போயிடுச்சும்மான்னு சொன்னேன். போன் போட்டு சொல்லு, அணைக்கச் சொல்லுன்னாங்க.