ஓ2 சென்சாரை மாற்றும் முன் ஸ்மோக் டெஸ்ட் போடச் சொல்லுங்கள்

ஒரு வண்டியில் ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், 800க்கும் 1200 ஆர்.பி.எம்.முக்கும் நடுவே ஏறி இறங்கியது. இன்ஜின் லைட் எரிந்தது, ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு வந்தது. ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அந்தக் குறியீட்டைப் பார்த்ததுமே, எக்ஸாஸ்ட் வாயுவில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாரை மாற்றிவிட்டார்கள். காசு போனதுதான் மிச்சம். பி0171 என்றால் கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்று பொருள். அதைச் சரியாகச் சொன்ன சென்சாரையே கழற்றிப் போடுவது அநியாயம். காற்று எங்கே கூடுதலாக நுழைகிறது என்று தேடத்தான் ஸ்மோக் டெஸ்ட்: காற்றுப் பாதையில் புகையை விட்டு, அது எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள்.

ஸ்கேனர் மாட்டியிருக்கும்போதே ஃபியூயல் ட்ரிம்மைக் காட்டச் சொல்லுங்கள். கலவையைச் சரிக்கட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. இந்த வண்டியில் ஐட்லிங்கில் +20ஐத் தாண்டி நின்றது, 2500 ஆர்.பி.எம்.மில் 5க்குள் இறங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவான த்ராட்டிலுக்குப் பின்னால் கசிவு இருந்தால் இப்படித்தான் காட்டும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் உள்ளே போகும் காற்று பெருகிவிடும், ஓட்டை வழியாக வருவது அதில் சிறு பங்காகிவிடும். ஆர்.பி.எம். ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்ப் பக்கம் பாருங்கள். இந்தக் கணக்கு, உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் உள்ள வண்டிக்கு. மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாயில், அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஐட்லிங்தான் தூக்கி நிற்கும்.

மண்டபம் ஊரில் முதலில் போட்ட ஸ்மோக் டெஸ்ட் வீண். திறந்த வெளியில், கடல்காற்று அடிக்கும்போது போட்டார்கள். கசிவிலிருந்து வருவது ஊதுவத்திப் புகை அளவுதான், காற்றில் அது கண்ணுக்கே தெரியாது. ஏர் ஃபில்டர் பக்க வாயையும் சரியாக அடைக்கவில்லை, பாதிப் புகை அந்த வழியே போய்விட்டது. "லீக் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

உச்சிப்புளியில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போட்டபோதுதான் பிடிபட்டது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சூட்டில் ரப்பர் விரிந்து சின்ன வெடிப்பை மூடிக்கொள்ளும். ஏர் ஹோஸின் வாயை இறுக்கமாக அடைத்து, மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அந்த வழியே புகையை விட்டார்கள். அழுத்தம் 1 பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் போதும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை நேராக மாட்ட விடாதீர்கள், ஆயில் சீல் பிதுங்கிவிடும். புகை நிறைய சில நிமிடம் ஆகும், அவசரப்படுத்தக் கூடாது. ஆயில் மூடி, டிப்ஸ்டிக் ஓரத்தில் புகை வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஓ-ரிங் போயிருக்கும்.

மேனிஃபோல்டுக்கு அடியில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பி.சி.வி. ஹோஸின் வளைவில் புகை நூலாகக் கிளம்பியது. கிளிப் உப்புக்காற்றில் துருப்பிடித்து, அதன் விளிம்பு ரப்பரை அறுத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே இருந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் அதே இடத்தில் குமிழி வந்தது. ஓடும் இன்ஜினில் கார்ப் கிளீனர் அடித்துக் கசிவு தேடுகிறவர்களும் உண்டு. இந்தக் கரையின் காற்றுக்கு அந்த ஸ்ப்ரே சூடான சைலன்சர் பைப்பில் போய்ப் படும், தீப்பிடிக்கக்கூடும்.

ஹோஸோடு கிளிப்பையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றுங்கள். பிளாஸ்டிக் முனையில் அளவோடு முறுக்குங்கள், கூடுதலாக முறுக்கினால் முனை விரியும். பிழைக் குறியீட்டை அழித்து, பழைய ட்ரிம்மையும் ரீசெட் செய்த பிறகு ஓட்டிப் பார்த்ததில் ட்ரிம் ±5க்குள் வந்தது, ஐட்லிங் 750இல் நின்றது.