கஞ்சாவை விட்ட பிறகு நித்திரை: கொழும்பில் ஒன்பது வாரங்கள்

நித்திரைக்காகக் கஞ்சா எடுத்தவர்கள் அதை விடப் போனால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தோற்கிறார்கள். முதல் இரவைச் சமாளித்துவிடலாம். இரண்டாம் இரவு புரண்டு புரண்டு கழியும். மூன்றாம் இரவு, விடியப்புறம் இரண்டரை மணிக்கு, தலையணை உறை வேர்வையில் ஊறிக் கழுத்தில் ஒட்டும். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டாலும் உடம்பு எரியும், அடுத்த நிமிடம் குளிரும். கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கும். "இது இல்லாமல் எனக்கு நித்திரையே வராது" என்ற முடிவுக்கு மனுசர் வருவது அந்த நேரத்தில்தான். அந்த முடிவு பிழை. அன்று உங்களை எழுப்பி வைத்திருப்பது பழைய நித்திரையின்மை இல்லை, கஞ்சாவை நிறுத்தியதால் வருகிற விலகல் குறி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் இரண்டாவதற்கு முடிவுத் திகதி இருக்கிறது.

அந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. நிறுத்தி 1 முதல் 3 நாட்களுக்குள் குறிகள் தொடங்கும்: எரிச்சல், பதற்றம், பசியின்மை, வேர்வை, தலையிடி, நித்திரையின்மை. முதல் வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவை இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். நித்திரையும் கனவும் மட்டும் பின்தங்கி வரும். ஒரு மாதம், சிலருக்கு அதற்கும் மேலே எடுக்கும். இது மனப் பலவீனம் என்று யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூலில் 2013ஆம் ஆண்டிலிருந்து கஞ்சா விலகல் தனி நோய்நிலையாகவே இருக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி (THC) மூளையின் சில ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. தொடக்கத்தில் படுத்தவுடன் நித்திரை வரும். நாள்தோறும் எடுக்க எடுக்க மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும், அதே அளவு வேலை செய்யாது, கூட்ட வேண்டி வரும். நிறுத்தினால் ஏற்பிகள் திரும்பி வரத் தொடங்கும். பழைய நிலையை நெருங்கச் சுமார் நான்கு வாரம் பிடிக்கும். கனவு வருகிற நித்திரை நிலையையும் டிஎச்சி அமுக்கி வைத்திருந்தது. வளர்ந்தவர்களின் நித்திரையில் அது ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை. அமுக்கி வைத்தது விடுபட்டதும் குவிந்து வரும். அதனால்தான் நிறுத்திய பின் வருகிற கனவுகள் அவ்வளவு தெளிவாக, நீளமாக, சில வேளை பயங்கரமாக இருக்கின்றன.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று புகையிலை. நம் ஊரில் கஞ்சாவைத் தனியாகக் குடிப்பவர் குறைவு. சிகரெட்டை உதிர்த்து அதோடு கலந்து சுருட்டுவதுதான் வழக்கம். அப்படியானால் நீங்கள் விடுவது இரண்டு பொருட்களை. நிகொட்டின் உடம்பைத் தூண்டி எழுப்புகிற சாமான், அதை விடும்போதும் நித்திரை குழம்பும். "நான் சிகரெட் குடிக்கிறதில்லை, இரவில் அது மட்டும்தான்" என்று சொல்பவருக்கும் இது பொருந்தும். ஏற்கனவே நாளுக்குப் பத்துச் சிகரெட் குடிப்பவர் இரண்டையும் ஒரே நாளில் விடுவதா என்பதை ஒரு வைத்தியரோடு கதைத்து முடிவு செய்யட்டும். இரவு கடைசி இரண்டு மணித்தியாலத்தில் சிகரெட் இல்லை என்பதையாவது முதலில் பிடிக்க வேண்டும்.

"புகைக்கிறதுதானே கூடாது, மோதகம் ஆயுர்வேதம்தானே" என்று மதன மோதகம் என்கிற, கஞ்சா சேர்த்த உருண்டைக்கு மாறுகிறவர்கள் உண்டு. ஆயுர்வேதத்தில் கஞ்சா இலை திரிலோக விஜய பத்ர என்ற பெயரில் மருந்துச் சரக்காக இருப்பது உண்மை. ஆனால் பெட்டிக்கடையில் வாங்கும் உருண்டைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. புகை சில நிமிடத்தில் ஏறும், சாப்பிட்டது ஏற அரை மணி முதல் இரண்டு மணித்தியாலம் வரை பிடிக்கும். ஒன்றும் நடக்கவில்லையே என்று இரண்டாவது உருண்டையைப் போடுவது அந்த இடைவெளியில்தான். பிறகு மறுநாள் காலை வேலைக்குப் போகிற நேரத்திலும் மயக்கம் தெளியாது. உண்மையிலேயே ஆயுர்வேத வழி வேண்டும் என்றால் பொரளை தேசிய ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவுபெற்ற வைத்தியரைப் பாருங்கள். வெளியில் கஞ்சா வைத்திருப்பது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். நித்திரைக்காக எடுத்தேன் என்பது பொலிஸில் பதிலாகாது.

இனி வேலை. இரவுக்கு ஒரு கஞ்சாச் சுருட்டு அளவில் இருப்பவர் ஒரேயடியாக நிறுத்தலாம். மூன்று நான்கு என்று போனவர் வாரத்துக்குக் கால் பங்கு வீதம் குறைத்து நான்கு வாரத்தில் முடிப்பது தாங்கக்கூடியது. குறைக்கிறவர் செய்யும் பிழை, எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுச் சுருட்டைத் தடிப்பாக்குவது. வாரத் தொடக்கத்திலேயே ஒரு வாரத்துக்கானதைப் பிரித்து வைத்தால் அந்தக் கள்ளம் நடக்காது. நிறுத்தும் நாளை வேலை நெருக்கடி இல்லாத வாரத்தில் வையுங்கள். வெள்ளிக்கிழமை நிறுத்தினால் மோசமான இரவுகள் சனி, ஞாயிறில் தொடங்கும், நித்திரையில்லாமல் காலை பஸ்ஸில் தொங்க வேண்டிய நாள் ஒன்றாவது குறையும். மிச்சம் இருப்பதையும் சுருட்டுத் தாளையும் வீட்டில் வைக்கக் கூடாது. மூன்றாம் இரவில் லாச்சியைத் திறக்கிற கைக்குப் புத்தி சொல்ல முடியாது.

முதல் இரண்டு வாரமும் ஒரே ஒரு சட்டம்தான்: எழும்பும் நேரம் மாறக்கூடாது. காலை 5:30 என்று வைத்தால், நாலு மணிக்குக் கண் அயர்ந்தாலும் 5:30க்கு எழும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் போயாவும் அப்படித்தான். எழும்பியதும் மொட்டைமாடியிலோ வாசலிலோ நில்லுங்கள். கொழும்பில் ஆறு மணியளவில் சூரியன் வந்துவிடும். வெள்ளவத்தையில் இருப்பவருக்குக் கடற்கரை இருக்கிறது, இருபது நிமிடம் ரயில் பாதை ஓரமாக நடந்தாலே போதும். பகல் நித்திரை இல்லை. அடக்கவே முடியாவிட்டால் பின்னேரம் மூன்று மணிக்கு முன் 20 நிமிடம், கதிரையில் இருந்தபடி. பசி போய்விடும் என்பதால் சோற்றோடு போராடாமல் இடியப்பமும் சொதியும், பாணும் பருப்பும் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், தண்ணீரைக் கூட்டுங்கள். இரவு பத்து மணிக் கொத்துரொட்டியை இந்த இரண்டு வாரமாவது விட வேண்டும்.

தேத்தண்ணியைப் பற்றி இங்கே கடுமையாகத்தான் சொல்ல வேண்டும். உடம்பில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஆறு மணிக்குக் குடித்த பிளேன்டீயின் பாதி இரவு பதினொரு மணிக்கும் உள்ளே நிற்கும். கஞ்சா எடுத்த காலத்தில் அந்தத் தூண்டலை அது மூடி மறைத்திருக்கும், இப்போது மூடியில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். கையில் சூடாக ஏதாவது வேண்டும் என்றால் கொத்தமல்லித் தண்ணீர், பெலி மல் (வில்வம்பூ), இரணவரை (ஆவாரம்பூ); இவற்றில் கஃபீன் இல்லை. நித்திரை தரும் என்று எதிர்பார்க்காமல் குடியுங்கள்.

நிறுத்திய எட்டாம் நாளிலிருந்து ஒரு 80 பக்கக் கொப்பியில் ஏழு நாள் பதிய வேண்டும். தினமும் காலையில் ஒரு வரி போதும். இரவில் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எழுதுவது நித்திரையைக் கெடுக்கும், உத்தேசக் கணக்கே போதும். ஒரு வரி இப்படி இருக்கும்: படுத்தது 10:00, நித்திரையானது 12:40, இடையில் முழித்திருந்தது 50 நிமிடம், எழும்பியது 6:30. எழும்பியது 6:30 என்றால் 5:30 சட்டம் அன்று உடைந்திருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கட்டிலில் கிடந்தது எட்டரை மணித்தியாலம், உண்மையில் நித்திரை ஐந்து. அதாவது 59 வீதம். மீதி மூன்றரை மணித்தியாலமும் "கட்டில் என்றால் கவலைப்படுகிற இடம்" என்று மூளைக்குப் பாடம் நடத்திய நேரம்.

மூன்றாம் வாரம் அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறோம். ஏழு நாள் சராசரி நித்திரை 5 மணி 20 நிமிடம் என்றால், கட்டிலில் இருக்க அனுமதி ஐந்தரை மணித்தியாலம்: 12:00க்குப் படுத்து 5:30க்கு எழும்புவது. சராசரி எவ்வளவு குறைந்தாலும் ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே போகக் கூடாது. வார முடிவில் மறுபடி கணக்கு. ஐந்தரையில் 4 மணி 50 நிமிடம் நித்திரை என்றால் 88 வீதம். 85ஐத் தாண்டினால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னுக்கு எடுக்கலாம், அடுத்த வாரம் 11:45. 80க்கும் 85க்கும் இடையில் என்றால் அப்படியே விடுங்கள். 80க்குக் கீழே என்றால் 15 நிமிடம் குறையுங்கள். ஒவ்வொரு வாரமும் ஏறினால் ஒன்பதாம் வாரத்தில் 10:30க்குப் படுத்து ஏழு மணித்தியாலம் என்ற இடத்துக்கு வரலாம். நித்திரையின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் நடுப்பகுதி இதுதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் நீடித்த நித்திரையின்மைக்கு, குளிசைக்கு முன்னதாக, முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்ததும் இந்தச் சிகிச்சையைத்தான்.

தொடக்கத்தில் பகலில் தூக்கம் தள்ளும். ஆகவே பஸ், ஓட்டோ, லொறி ஓட்டுபவர்கள், இயந்திரத்தில் வேலை செய்பவர்கள், வலிப்பு அல்லது இருமுனைக் கோளாறு (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) உள்ளவர்கள் இந்த நேரக் குறைப்பை வைத்தியர் இல்லாமல் செய்யக் கூடாது.

படுத்து ஏறத்தாழ இருபது நிமிடத்தில் நித்திரை வராவிட்டால் எழும்பி வேறு இடம் போக வேண்டும், கண் சொருகும்போதுதான் திரும்ப வேண்டும். இது புத்தகத்தில் சுலபம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒற்றை அறை எடுத்து இருப்பவருக்குக் கட்டில்தான் கதிரை, மேசை, சாப்பாட்டு இடம் எல்லாம். அவர்கள் ஒரு பிளாஸ்டிக் கதிரையை வாங்கிக் கட்டிலுக்கு முதுகு காட்டிப் போடட்டும். போன், சாப்பாடு, கவலை எல்லாம் கதிரையில். பகலில் கட்டிலின் மேல் ஒரு பாயை விரித்து மூடிவிட்டு, படுக்கும்போது மட்டும் எடுப்பது இன்னும் நல்லது. அற்பமாகத் தெரியும், ஆனால் இந்த முறையில் அதிகம் பலன் தருவது இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

கனவுகள் இரண்டாம் வாரத்தில்தான் பலரைத் திரும்ப இழுக்கின்றன. ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகல் வெளிச்சத்தில் அதை எழுதி, முடிவை நீங்கள் விரும்புகிறபடி மாற்றி எழுதி, அந்தப் புதிய வடிவத்தைத் தினமும் பத்து நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். ஆனால் வன்னியிலிருந்து வந்தவர்கள், 2009ஐக் கண்ணால் கண்டவர்கள், அந்த இரவுகளை மறக்கத்தான் கஞ்சாவைப் பிடித்தவர்கள் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். உங்களுக்கு அது நித்திரை மருந்தாக இருக்கவில்லை, ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தது. பூட்டைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு மனநல வைத்தியர் இருக்க வேண்டும்.

பதிலுக்கு வேறொன்றைப் பிடிப்பதும் நடக்கும். சாராயம் படுக்க வைக்கும், இரவின் பின்பாதியை உடைக்கும். பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை சில நாளில் பழகிப்போகும், காலையில் தலை பாரம் மட்டும் மிஞ்சும். தெருவில் விற்கும் பிரிகாபலின் என்ற நரம்புவலிக் குளிசையும் நண்பர் தரும் டயசிபாம் என்ற பதற்றக் குளிசையும் கஞ்சாவைவிடக் கடினமான அடிமைத்தனங்கள். ஏற்கனவே டயசிபாம் போன்றதை அல்லது தினமும் மதுவை நெடுநாள் எடுப்பவர் அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதற்கு ஆஸ்பத்திரி கட்டாயம். உரக்கக் குறட்டை விட்டு மூச்சு நின்று திணறுகிறவரும், கால் ஊர்வதுபோல இருந்து படுக்க முடியாதவரும் வைத்தியரைப் பார்க்க வேண்டும். முதலாவது நித்திரை மூச்சுத்தடை, இரண்டாவதற்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். இந்த இரண்டையும் மேலே சொன்ன கணக்கு தீர்க்காது.

உதவிக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய இலக்கங்கள் இருக்கின்றன. கொழும்பு 7இல் சுமித்ரயோ தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம் போதைப்பொருளுக்கென்றே ஆலோசனை தருகிறது. உயிரை விடும் எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிங்களம் தடுமாறுபவர் கொப்பியையே கொண்டுபோகலாம், எண்களுக்கு மொழி வேண்டியதில்லை. "மட்ட நிந்த யன்னே நே" என்றால் எனக்கு நித்திரை வருவதில்லை; கஞ்சா என்ற சொல்லும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். எத்தனை வருடம், இரவுக்கு எவ்வளவு, கடைசியாக எடுத்த நாள் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் நித்திரைக் குளிசையோடு வீடு வருவீர்கள்.

இடையில் ஒரு இரவு சறுக்கினால், மறுநாளும் 5:30க்கே எழும்பி, கொப்பியில் அந்த வரியின் ஓரத்தில் "எடுத்தேன்" என்று எழுதுங்கள். அந்த இரவை வாரச் சராசரியில் சேர்க்க வேண்டாம். படுக்கும் நேரம் நேற்று இருந்ததுதான், முதலாம் வாரத்திலிருந்து திரும்பத் தொடங்கத் தேவையில்லை.