குரலில் வந்த சுற்றறிக்கை

2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே மகளின் வகுப்பு டீச்சர் போன் செய்தார். "பாப்பாகிட்ட குடுங்கம்மா" என்றவர், காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று அவளிடம் நிதானமாக விளக்கினார். அழுதுகொண்டிருந்தவள் அப்புறம்தான் சாப்பிட்டாள்.

ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு. செல்லூரில் எங்கள் தெருமுனையில் தகரம் அடித்துவிட்டார்கள். பள்ளி அலுவலகம் வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாகச் சுற்றறிக்கை அனுப்பும். அதைச் சுருக்கி டீச்சர் வாய்ஸ் நோட்டில் சொல்லுவார். பின்னால் குக்கர் விசில் கேட்கும். எந்த வகுப்பு எத்தனை மணிக்கு, புத்தகம் வாங்க யார் என்றைக்கு வரவேண்டும், எல்லாம் இரண்டே நிமிடத்தில் புரிந்துவிடும்.

கட்டண விஷயத்தில் மட்டும் நிர்வாகத்தின் மேல் எனக்கு இன்னும் வருத்தம்தான். அந்த ஜூலையில் உயர் நீதிமன்றம் முதலில் 40 சதவீதம் மட்டும் வாங்கலாம் என்றது. பள்ளியோ மொத்தத் தொகையைப் போட்டு "உடனே கட்டவும்" என்று அனுப்பியது. கடையைப் பூட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு இதையா அனுப்புவது? நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிக் கேட்ட பிறகே திருத்தம் வந்தது.

2021 பிப்ரவரி 8 அன்று பதினொன்றாம் வகுப்பு திறந்தது. சம்மதக் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதற்கும் முந்தின நாளே டீச்சரின் வாய்ஸ் நோட் வந்திருந்தது.